பின்வாசல் வழியே போன கறி

2,250 பவுண்ட். ஸ்காட்லாந்தில் ஒரு கறிக்கடைக்கு 1998 தொடக்கத்தில் விதிக்கப்பட்ட அபராதம் இது. அந்தக் கடையின் கறியைச் சாப்பிட்டு ஏறக்குறைய 500 பேர் நோயில் விழுந்திருந்தார்கள். பிறகு நடந்த மரண விசாரணை 21 பேருடைய சாவை எடுத்து ஆராய்ந்தது.

இந்த அபராதத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வழக்குக்குள்ளேயே போனேன். இவ்வளவு குறைவா என்ற கோபம்தான் முதலில் வந்தது. படிக்கப் படிக்க, தொகையைவிடப் பெரிய கேள்வி வேறொன்று இருப்பது தெரிந்தது. அந்தக் கடை சட்டத்தின் கண்ணில் என்னவாக இருந்தது? ஒரு கறிக்கடையாகவா, இல்லை 85 இடங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு தயாரிப்பு நிலையமாகவா? பிரிட்டனில் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் எழுத பத்து வருஷம் ஆனது. நடுவில் இன்னொரு ஊரில் ஒரு சிறுவன் செத்துப்போனான்.

நம்ம ஊர் ஆட்களுக்கு விஷயம் சட்டெனப் புரியும். டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சமோசாவை டீக்கடைக்காரர் போடுவதில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு சின்ன ஓட்டலின் பின்கட்டில் போட்டு, சைக்கிளிலோ டிவிஎஸ்ஸிலோ பத்துப் பதினைந்து கடைக்குப் போகும். டீக்கடையைச் சோதனை போட்டால் கிளாஸ் கழுவுவது எப்படி என்று தெரியும். சமோசா எங்கே பிறந்தது என்று தெரியாது. இதே கதைதான், மாட்டுக்கறியோடு.

ஊர் பெயர் விஷா. கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, லனார்க்ஷயர் பகுதியில், பழைய நிலக்கரி, எஃகுத் தொழில் சுற்றுவட்டாரம். கடையின் பெயர் ஜான் பார் அண்ட் சன். ஊரில் நல்ல பெயர். ஸ்காட்லாந்தின் சிறந்த கறிக்கடைக்காரர் என்று விருது வாங்கிய கடை. சனிக்கிழமை வரிசையில் நின்று வாங்குவார்கள் என்கிற மாதிரியான மரியாதை. கடையோடு சேர்ந்து பேக்கரியும் உண்டு. முன்னால் பச்சைக் கறி விற்பனை, பின்னால் வேகவைத்த கறி, குழம்பு, இறைச்சிப் பண்டங்கள் தயாரிப்பு.

1996 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, விஷா ஓல்ட் பாரிஷ் தேவாலயத்தின் கூடத்தில் முதியவர்களுக்கு மதிய விருந்து. வந்தவர்கள் நூறு பேருக்கு நெருக்கம். மாட்டுக்கறிக் குழம்பு, அதற்குமேல் வைக்க மைதா மாவில் சுட்ட மூடி, இதுதான் பிரதான உணவு. ஸ்டேக் பை என்று அவர்கள் சொல்வது. கறி ஜான் பார் கடையிலிருந்து வந்தது.

அந்த வாரக் கடைசிக்குள் பலர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள், சிலருக்கு ரத்தமாகவே போயிற்று. கிருமி, ஈ.கோலை ஓ157. சாதாரண ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருப்பது, அதனால் பெரிய தொல்லை இல்லை. இந்த ஓ157 வேறு ஜாதி. 1982இல் அமெரிக்காவில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோயை ஆராயும்போதுதான் இது மனிதரைத் தாக்கும் கிருமி என்று அடையாளம் கண்டார்கள். மாட்டின் குடலில் குடியிருக்கும், மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. மனிதர் உடம்பில் நுழைந்தால் நஞ்சைச் சுரக்கும், சிலருக்குச் சிறுநீரகம் வரை போய் அடிக்கும். குழந்தைகளையும் முதியவர்களையும்தான் அதிகம் சாய்க்கும்.

இதில் முக்கியமான விவரம் ஒன்று. பல உணவுக் கிருமிகள் நோய் தர ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் உள்ளே போகணும். ஓ157க்கு நூறுக்கும் குறைவே போதும். அதாவது வெந்த கறியைத் திறந்து வைத்துக் கெட்டுப்போக விடவேண்டிய அவசியமே இல்லை. பச்சைக் கறி வெட்டிய கத்தியைச் சரியாகக் கழுவாமல் வெந்த கறியில் ஒருமுறை வைத்தால் போதும். கெட்ட வாடை வராது, நிறம் மாறாது, ருசியும் மாறாது. வாங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது.

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. நோய் கண்டவர்களின் கதைகளைக் கேட்டு அடுக்கியதில் சந்தேகம் அந்தக் கடைமேல் விழுந்துவிட்டது. இங்கேதான் கதை எனக்கு நெருடுகிறது.

மறுநாள் சனிக்கிழமை, அதே ஊரில் கேஸ்கேட் என்ற பப்பில் ஒரு 18ஆம் பிறந்தநாள் விருந்து. அதற்கு வெந்த கறித் துண்டுகள் போனது இதே கடையிலிருந்து. அந்த விருந்துக்குப் போனவர்களிலும் பலர் நோயில் விழுந்தார்கள். கடையை உரிமையாளர் தானாக மூடியது 27ஆம் தேதி, புதன்கிழமை. சந்தேகம் எழுந்து ஐந்து நாள்.

அதிகாரிகள் ஏன் வெள்ளிக்கிழமையே பூட்டவில்லை என்று இன்றைக்கு உட்கார்ந்து கேட்பது சுலபம். சட்டத்தில் வழி இருந்ததா என்றால், இருந்தது. பிரிட்டனின் 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளூர் கவுன்சில் அதிகாரிக்கு மூன்று நான்கு ஆயுதம் கொடுத்திருந்தது. சீர்திருத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். சந்தேகப்படும் உணவைக் கைப்பற்றலாம். உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசரத் தடை நோட்டீஸ் ஒட்டி அங்கேயே நிறுத்தலாம். ஆனால் அவசரத் தடை போட்டால் மூன்று நாளுக்குள் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போயாக வேண்டும். போகாவிட்டாலோ, ஆபத்து இருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்காவிட்டாலோ, கடைக்காரருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கவுன்சில் கொடுக்கணும். ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து முடிவு வர நாளாகும். கையில் இருப்பது நோயாளிகளின் ஞாபகம் மட்டும். எதிரே இருப்பது ஊரின் பேர்பெற்ற கடை. அந்த அதிகாரியின் இடத்தில் நின்று பார்த்தால், 'நீங்களே நிறுத்திக்கங்க' என்று பேசி முடிப்பது எவ்வளவு வசதியான வழி என்று புரிகிறது. புரிகிறதே தவிர, சரி என்று சொல்லமாட்டேன். வாய்ப்பேச்சாகச் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

அப்படியே ஆச்சு. பிறந்தநாள் விருந்துக்குக் கறி கொடுத்த விஷயத்தில் உரிமையாளர்மேல் தனியாகக் குற்றவழக்கு போட்டார்கள், அலட்சியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தார் என்ற மாதிரி. 1997 அக்டோபரில் அதிலிருந்து அவர் விடுதலை ஆனார். மிஞ்சியது சுகாதார விதி மீறல். கடை குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குத்தான் அந்த 2,250 பவுண்ட்.

சரி, 85 இடங்களுக்கு வருவோம். தேவாலய விருந்தும் பப் விருந்தும் கண்ணுக்குத் தெரிந்தவை. அழைப்பு, தேதி, வந்தவர் பட்டியல் எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கடை நடு ஸ்காட்லாந்து முழுக்கச் சுமார் 85 கடைகளுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வேறு கறிக்கடைகள், பேக்கரிகள், மளிகைக் கடைகள். அங்கே வாங்குகிறவர் அந்தக் கடையின் கறி என்று நினைத்து வாங்குவார். லனார்க்ஷயரைத் தாண்டி ஃபோர்த் வேலி பகுதியிலும் நோய் கிளம்பியது. பானிபிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களில் யாரும் விஷா பக்கமே போனவர்கள் இல்லை.

எங்கெங்கே சரக்குப் போகிறது என்ற முழுப் பட்டியல் அதிகாரிகளுக்கு ஒரே மூச்சில் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. இந்த இடம் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். விஷா கடையின் கதவைப் பூட்டினால் விஷா கடையில் விற்பனை நிற்கும். ஏற்கெனவே வண்டியேறிப் போன கறி, 20 மைல் தள்ளி இன்னொரு கடையின் ஃபிரிட்ஜில் விற்பனைக்கு இருக்கும். தடை நோட்டீஸ் என்கிற காகிதம் ஒரு முகவரிக்குத்தான் ஒட்டப்படுகிறது. பட்டியல் இல்லாமல் அது பாதி வேலைதான்.

இப்போ அந்த அடிப்படைக் கேள்வி. 85 இடத்துக்கு அனுப்பும் நிலையத்துக்கு அன்றைக்கு என்ன விதி?

இரண்டு சட்டப் பெட்டிகள் இருந்தன. ஒன்று 1994இல் வந்த இறைச்சிப் பொருள் சுகாதார விதிகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரே சந்தைத் திட்டத்தோடு வந்தது. வெந்த கறி மாதிரியான பொருள்களை மொத்தமாகத் தயாரித்து அனுப்புகிறவர் முன்கூட்டியே அங்கீகாரம் வாங்கணும், கட்டடம் இப்படி இருக்கணும், வெப்பநிலைக் குறிப்பு வைத்திருக்கணும், எல்லாம் கறார். இன்னொன்று 1995இன் பொது உணவுச் சுகாதார விதிகள். சாதாரணக் கடைகளுக்கு, ஓட்டல்களுக்கு. இதில் அங்கீகாரம் என்ற பேச்சே இல்லை. பதிவு செய்தால் போதும், சுத்தமாக இரு, ஆபத்து எங்கே என்று யோசித்து நட, அவ்ளோதான். கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு நேராக விற்கும் சில்லறைக் கடை முதல் பெட்டியிலிருந்து விலக்கு பெற்றது.

அந்த விலக்கில் ஒரு நியாயமும் இருந்தது. தெருமுனைக் கறிக்கடைக்காரரைத் தொழிற்சாலை மாதிரி நடத்தினால் அவர் கடையை மூடிவிட்டுப் போவார். ஆனால் முன்னால் சில்லறையாக விற்று, பின்னால் மொத்தமாக அனுப்புகிற கடை எந்தப் பெட்டி? ஜான் பார் கடை கறிக்கடையாகவே பார்க்கப்பட்டு, கறிக்கடைக்கான அளவுகோலாலேயே சோதிக்கப்பட்டு வந்தது. முன்வாசல் வழியாக நுழைகிறவருக்கு அது கறிக்கடைதானே. பச்சைக் கறிக்கும் வெந்த கறிக்கும் இடையில் ஒழுங்கான பிரிவு இல்லாத ஒரு பின்கட்டில் எத்தனை ஊருக்கான சாப்பாடு தயாராகிறது என்ற கணக்கு அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை.

1998இல் மரண விசாரணையை நடத்தியவர் ஷெரிஃப் பிரின்சிபல் கிரஹாம் காக்ஸ். ஷெரிஃப் என்றால் சினிமாவில் வரும் துப்பாக்கிக்காரர் இல்லை. ஸ்காட்லாந்தில் அது நீதிபதியின் பதவிப்பெயர். அவர் கடையைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. சோதனைக்குப் போன வடக்கு லனார்க்ஷயர் கவுன்சில் அதிகாரிகளின் வேலையையும் கண்டித்தார். இது அபூர்வம். வழக்கமாக இம்மாதிரி அறிக்கைகளில் அரசுத் தரப்பு 'மேலும் பயிற்சி தேவை' என்ற மட்டில் தப்பித்துவிடும்.

அதற்கு முன்பே, நோய் பரவிக்கொண்டிருந்த நவம்பரிலேயே, அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிருமியியல் பேராசிரியர் ஹ்யூ பென்னிங்டன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1997 ஏப்ரலில் அறிக்கை வந்தது. அதில் முக்கியமான பரிந்துரை கறிக்கடைகளுக்கு உரிமம். பச்சைக் கறியும் சமைத்த கறியும் ஒரே கடையில் விற்பதானால் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமென்றால் ஹாசப் வேண்டும். ஹாசப் என்பது விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய முறை. முடிந்த உணவைச் சோதிப்பதற்குப் பதிலாக, தயாரிப்பில் எந்தெந்தப் படியில் ஆபத்து நுழையும் என்று முதலிலேயே கண்டு, அந்தப் படியைக் காவல் காப்பது. 2000ஆம் ஆண்டில் உரிமத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக் கட்டணம் 100 பவுண்ட். அதே 2000இல் உணவுத் தர முகமையும் பிறந்தது. பைத்தியமாட்டு நோய் விவகாரத்தில் வேளாண் அமைச்சகத்தின்மேல் மக்களுக்கு நம்பிக்கையே போய்விட்டிருந்தது, விஷாவும் சேர்ந்துகொண்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அத்தியாயத்தை முடித்திருக்கலாம். முடியவில்லை.

2005 செப்டம்பர், தெற்கு வேல்ஸ். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம். பிள்ளைகளுக்கு ரத்த வயிற்றுப்போக்கு. அதே ஓ157. நான்கு கவுன்சில் பகுதிகளில் 44 பள்ளிகள், 157 பேருக்கு நோய். 5 வயதுச் சிறுவன் ஒருவன் அக்டோபர் 4 அன்று இறந்தான். பள்ளிச் சாப்பாட்டுக்கு வெந்த கறி கொடுத்தது பிரிட்ஜெண்டில் இருந்த ஜான் ட்யூடர் அண்ட் சன் என்ற கறி வியாபாரம். விஷாவுக்குப் பிறகு வந்த அந்த உரிமம் இவர்களிடம் இருந்தது. ஹாசப் காகிதமும் இருந்தது. சோதனைக்கு அதிகாரிகள் போய்வந்துகொண்டும் இருந்தார்கள்.

மறுபடியும் விசாரணைக்குத் தலைமை தாங்க அதே பென்னிங்டனைக் கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷம் முன்னால் சொன்னதையே மறுபடியும் சொல்லப்போகிறோம் என்று தெரிந்து அந்த மனிதர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். 2009 மார்ச்சில் அறிக்கை வெளியானது.

அறிக்கையின் மையத்தில் ஒரே ஒரு வேக்குவம் பாக்கிங் மெஷின். பச்சைக் கறியையும் அதில்தான் காற்றை உறிஞ்சிப் பொட்டலம் போட்டார்கள், வெந்த கறியையும் அதில்தான். இந்த மெஷினின் உள்ளே வால்வு, குழாய், மூலை முடுக்கு என்று துணி போகாத இடங்கள் பல. பச்சைக் கறியின் சாறு உள்ளே இழுக்கப்பட்டு எங்காவது தங்கும். மேலே துடைத்தால் பளபளவென்று இருக்கும். 2005 ஜனவரியில் வந்த ஆய்வாளர் ஒரு மெஷின்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தார். கேட்டதற்கு, இன்னொன்று ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது. அது அப்படியே ஏற்கப்பட்டது.

எட்டு மாதம். அந்த ரிப்பேர் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால், அல்லது ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் திரும்பப் போயிருந்தால். நம்ம ஊரில் லஞ்சம் இருப்பதால்தான் சோதனை தோற்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். இங்கே லஞ்சம் எதுவும் இல்லை. ஆய்வாளர் மரியாதையாகக் கேட்டார், கடைக்காரர் மரியாதையாகப் பொய் சொன்னார். சுத்தம் செய்ததாக எழுதிவைத்த பதிவேடுகளுக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமில்லை என்பது பிறகு வெளியில் வந்தது. ஹாசப் திட்டம் என்று கோப்பில் இருந்தது வேறு, பின்கட்டில் நடந்தது வேறு.

இன்னொரு விஷயம் என்னை ரொம்பப் பாதித்தது. பள்ளிச் சமையலறைகளில் வேலை செய்த பெண்கள் முன்பே புகார் சொல்லியிருக்கிறார்கள். கறி வாடை அடிக்கிறது, நிறம் சரியில்லை என்று. ஆனால் அந்தப் புகார்கள் போனது ஒப்பந்தம் போட்ட கொள்முதல் பிரிவுக்கு. அங்கே அது சரக்குத் தரம் பற்றிய புகார், மாற்றித்தரச் சொன்னால் தீர்ந்தது. சோதனை போடும் சுகாதாரப் பிரிவு இன்னொரு பக்கம். நான்கு கவுன்சில்கள் சாப்பிடுகின்றன, ஒரு கவுன்சில் சோதிக்கிறது. டீக்கடையில் சமோசா ஊசிப்போயிருந்தால் வாடிக்கையாளர் டீக்கடைக்காரரைத் திட்டுவார், டீக்கடைக்காரர் மறுநாள் சைக்கிள்காரரைத் திட்டுவார். சமோசா போடும் வீட்டுக்கு எந்த ஆய்வாளரும் போகமாட்டார். அதே சங்கிலி, கொஞ்சம் பெரிய அளவில்.

உரிமையாளர் பாதுகாப்பற்ற உணவைச் சந்தையில் விட்டதற்கு ஆறு குற்றச்சாட்டு, சுகாதார விதி மீறலுக்கு ஒன்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். 2007 செப்டம்பரில் 12 மாதச் சிறை. உணவுத் தொழில் நடத்தத் தடை. விஷாவின் அபராதத்தோடு ஒப்பிட்டால் நீதிமன்றம் கடுமையாகத்தான் நடந்திருக்கிறது. பெற்ற வயிற்றுக்கு அந்த ஒப்பீடெல்லாம் எதற்கு.

பெட்டிக் குழப்பத்துக்கு ஒரு பதில் இதற்கு இடையில் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உணவுச் சட்டங்களை மொத்தமாகத் திருப்பி எழுதியது. 178/2002 எண் கொண்ட ஒழுங்குமுறையின் 18ஆவது பிரிவு 2005 ஜனவரி 1 முதல் நடைமுறை. உணவுத் தொழில் செய்கிறவர் யாராக இருந்தாலும், தனக்கு யார் சரக்குக் கொடுத்தார், தான் எந்தெந்தத் தொழிலுக்குக் கொடுத்தார் என்ற கணக்கு வைத்திருக்கணும், கேட்டவுடன் காட்டணும். பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி. விஷாவில் துண்டு துண்டாக வந்த பட்டியல் இப்போ சட்டப்படி கடையிலேயே தயாராக இருக்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் போன சரக்கைத் திரும்பப் பெறும் பொறுப்பும் கடைமேல்தான் (அது 19ஆவது பிரிவு).

2006 ஜனவரியில் அடுத்த சட்டங்கள். கறிக்கடை உரிமம் போய்விட்டது, ஹாசப் அடிப்படை எல்லா உணவுத் தொழிலுக்கும் பொதுவாகிவிட்டது. கூடவே 853/2004. விலங்கிலிருந்து வரும் உணவுக்கான சிறப்புச் சட்டம். முன்வாசல், பின்வாசல் பிரச்சினையை நேராகத் தொட்டது இதுதான்.

இதன்படி 'சில்லறை' என்பதற்கான வரையறைக்குள் கடை மட்டும் இல்லை. ஓட்டல், கேன்டீன், கேட்டரிங் எல்லாம் அதற்குள் வரும். பர்மிங்ஹாமில் ஒரு கறி ஓட்டல் என்று வச்சுக்குவோம். மேசையில் உட்காருகிறவருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு பரிமாறினால் பதிவு போதும். அந்தக் குழம்பையே டப்பாவில் அடைத்து ஐந்து பப்புகளுக்கும் இரண்டு கஃபேக்களுக்கும் அனுப்ப ஆரம்பித்தால் கேள்வி வரும். அந்த அனுப்புதல் ஓரமானதா, உள்ளூரானதா, வரம்புக்கு உட்பட்டதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஓட்டலாகவே தொடரலாம். இல்லையென்றால் அங்கீகாரம் வாங்கணும். அதிகாரி வந்து பார்த்து, சம்மதித்து, எண் கொடுத்த பிறகுதான் முதல் டப்பா வெளியே போகலாம். பொட்டலத்தின்மேல் முட்டை வடிவ முத்திரை, உள்ளே அந்த எண். பிரிட்டனில் சீஸ், கறி வாங்கும்போது பின்பக்கம் இருக்கும் அந்த முட்டை வடிவக் குறியைக் கவனித்துப் பாருங்க.

ஓரமானது என்றால் எவ்வளவு? பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் தோராயமாக அந்தத் தொழிலின் கால் பங்கு வரை என்று வைத்தார்கள். உள்ளூர் என்பது சொந்த மாவட்டம், அதோடு பக்கத்து மாவட்டம் அல்லது 50 கிலோமீட்டர், எது அதிகமோ அது. கால் பங்கு என்பது எனக்குக் கொஞ்சம் தாராளமாகத்தான் படுகிறது. பெரிய ஓட்டலின் கால் பங்கு சின்ன ஓட்டலின் முழு வியாபாரத்தைவிட அதிகமாக இருக்கும். கிருமி சதவீதம் பார்த்துப் பரவுவதில்லை, எத்தனை தட்டுக்குப் போனது என்பதுதான் கணக்கு. உள்ளூர் என்ற அளவுகோலும் அப்படித்தான். விஷாவிலிருந்து பானிபிரிட்ஜ் 50 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஆனாலும் பழைய நிலையைவிட இது எவ்வளவோ மேல். ஏனென்றால் ஆய்வாளர் இப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே 'வெளியே யாருக்குக் கொடுக்கிறீங்க?' என்பது. அங்கீகாரம் தேவைப்பட்டும் வாங்காமல் அனுப்பினால், கடை சுத்தமாக இருந்தாலும் சரி, அது தனியாகவே குற்றம். அனுப்புவதை நிறுத்தச் சொல்ல, இடம் அழுக்காக இருக்கிறது என்று நிரூபித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. விஷாவின் அந்த வெள்ளிக்கிழமை மாலையில் கையில் இல்லாமல் போன பிடிமானம் அது.

மெஷின் விஷயத்தில் உணவுத் தர முகமை 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வேக்குவம் பாக்கிங், துண்டு போடும் மெஷின், கொத்துகிற மெஷின், இவற்றைப் பச்சைக் கறிக்கும் அப்படியே சாப்பிடும் உணவுக்கும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது, இடையில் எவ்வளவுதான் கழுவினாலும். சின்னக் கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது மெஷினுக்கு யார் காசு கொடுப்பார்? நியாயமான முணுமுணுப்புதான். இடமும் வேணும், காசும் வேணும்.

கடைசியாக அந்தப் பச்சை கறுப்பு ஸ்டிக்கர். லண்டனில் எந்த ஓட்டல் கதவிலும் பார்க்கலாம், 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண். 2010இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டுவது கடைக்காரர் விருப்பம். வேல்ஸில் 2013 நவம்பரிலிருந்து கட்டாயம். 2014 நவம்பரில் வேல்ஸ் இன்னொரு படி போய், மக்களுக்கு நேராக விற்காமல் மற்ற உணவுத் தொழில்களுக்கு மட்டும் சரக்கு அனுப்பும் தயாரிப்பாளர்களையும் மொத்த வியாபாரிகளையும் அந்த மதிப்பெண்ணுக்குள் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கறி வாங்கும் அதிகாரி இப்போ அந்த எண்ணை இணையத்தில் தட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட நிலையங்கள் மதிப்பெண் திட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. அங்கே கஃபேயின் கதவில் 5 இருக்கும், அந்தக் கஃபேக்குக் கறி அனுப்புகிற பின்கட்டின் எண் எங்கேயும் ஒட்டியிருக்காது.